யாழ்ப்பாணத்திலிருந்து சட்டப் பட்டப்படிப்புக்கு: உயர்தரப் பாடத்தெரிவு முதல் பல்கலைக்கழகப் பதிவு வரை

"அண்ணை, பிள்ளை எல்.எல்.பி. முடிச்சிட்டால் அடுத்த நாளே கோட்டில ஏறலாம்தானே?" உயர்தரப் பெறுபேறு வெளிவந்த வாரத்தில், மகளையும் பெறுபேற்றுத் தாளையும் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தகப்பனார் என்னிடம் கேட்ட கேள்வி இது. இல்லை என்றதும் அவருடைய முகம் சுருங்கிவிட்டது. பிள்ளையோ அந்த விடயத்தை அப்போதுதான் முதற்தடவையாகக் கேள்விப்பட்டாள். சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் என்றைக்கும் குறைந்ததில்லை. ஆனால் எந்த வாசலால் நுழைந்தால் எங்கே போய்ச் சேரலாம் என்ற வரைபடம் பெரும்பாலான வீடுகளில் இல்லை. பதினோராம் வகுப்பை முடித்துவிட்டு உயர்தரத்துக்குப் பாடம் தெரிவுசெய்ய நிற்கும் மாணவருக்கும், பெறுபேறு கையில் இருக்க விண்ணப்பப் படிவத்தின் முன்னால் அமர்ந்திருக்கும் மாணவருக்கும் உதவும் வகையில் அந்த வரைபடத்தை இங்கே படிப்படியாக வரைகிறேன்.

பட்டம் வேறு, சட்டத்தரணி ஆவது வேறு

நமது பாட்டன்மார் காலத்தில் அப்புக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் இரண்டு வகையினர் இருந்தார்கள். வழக்கைத் தயாரிப்பவரும் கட்சிக்காரரோடு நேரடியாகப் பழகுபவரும் பிறக்கிராசி. மன்றில் எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இந்த வேறுபாட்டை நீக்கி, 1974 முதல் அனைவரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. இன்று இலங்கையில் ஒருவர் நீதிமன்றத்தில் தோன்றுவதற்கு, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து சட்டத்தரணியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். அந்த இடத்துக்கு இட்டுச்செல்லும் தொழில்முறைக் கல்வி முழுவதும் சட்டக் கல்விப் பேரவையின் கீழ் இயங்கும் இலங்கைச் சட்டக் கல்லூரியின் கையில் இருக்கிறது. 1874இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி கொழும்பு புதுக்கடையில், நீதிமன்றங்களின் அயலிலேயே அமைந்திருக்கிறது.

ஆகவே பல்கலைக்கழகம் வழங்கும் சட்டமாணிப் பட்டம், அதாவது எல்.எல்.பி., ஒரு கல்வித் தகைமை. அதைப் பெற்றவர் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையை எழுதாமலே அங்கு பதிவுசெய்துகொள்ளலாம். ஆனால் அதன் பின்னரும் கல்லூரி நடத்தும் பரீட்சைகளில் சித்தியடைய வேண்டும், மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ்ப் பயிலுநராகக் காலம் கழிக்க வேண்டும். மறுபுறத்தில், பட்டம் எதுவும் இல்லாமல் நுழைவுப் பரீட்சை மூலம் நேரே சட்டக் கல்லூரிக்குள் சென்று, மூன்று ஆண்டுப் படிப்பையும் பயிலுநர் காலத்தையும் முடித்துச் சட்டத்தரணி ஆவோரும் உண்டு. நீதிமன்றத் தொழில் மட்டும்தான் நோக்கம் என்றால் இரண்டாவது பாதை குறுகியது. பல்கலைக்கழக விரிவுரையாளர் பணி, வெளிநாட்டில் மேற்படிப்பு, சர்வதேச நிறுவனங்கள், ஆய்வு ஆகியவற்றில் நாட்டம் இருந்தால் பட்டம் இன்றியமையாதது. இயலுமானவர்கள் பட்டத்தின் வழியே சென்று சட்டத்தரணி ஆவதே சிறந்தது என்பது என்னுடைய கருத்து. நான்கு ஆண்டுகள் நூலகத்தில் இருந்து படித்தவருக்கும் பரீட்சைக் குறிப்புகளை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கும் உள்ள வேறுபாடு, தொழிலுக்கு வந்த பிறகு மன்றிலே வெளிச்சமாகத் தெரிந்துவிடும்.

இடையில் ஒரு சொல் எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளைப் படித்துப் பழகிய பிள்ளைகள் இங்கே குழம்பிப்போகிறார்கள். அங்கே உச்ச நீதிமன்றம் என்று சொல்லப்படுவது நமக்கு உயர் நீதிமன்றம். ஆங்கிலத்தில் ஹைகோர்ட் என்ற அதே பெயரால் அங்கே உயர் நீதிமன்றமும் இங்கே மேல் நீதிமன்றமும் குறிக்கப்படுகின்றன. நமது உயர் நீதிமன்றத்துக்கும் மேல் நீதிமன்றத்துக்கும் இடையே மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. நேர்முகத்தில் இதைத் தலைகீழாகச் சொல்லி அவமானப்பட்டவர்களை நான் அறிவேன்.

எங்கே படிக்கலாம்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஊடாக, உயர்தரப் பெறுபேற்றின் அடிப்படையில் சட்டம் பயில மூன்று இடங்கள் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்கென்றே ஒரு பீடம் இருக்கிறது. 1947இல் அன்றைய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையாகத் தொடங்கி வளர்ந்த அந்தப் பீடம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் கற்பித்து வந்திருக்கிறது. பேராதனையில் கலைப்பீடத்தின் ஒரு துறையாகச் சட்டம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கலைப்பீடத்தின் சட்டத்துறையாகத்தான் இப்படிப்பு தொடங்கியது. இங்கும் கற்பித்தல் மொழி ஆங்கிலமே. யாழ்ப்பாணத்தில் இருப்பதால் தமிழில் படிக்கலாம் என்று எண்ணிக்கொண்டு வருபவர்கள் முதல் வாரத்திலேயே திகைத்துவிடுகிறார்கள். மூன்றிலும் படிப்பு நான்கு ஆண்டுகள்.

இவை தவிர, திறந்த பல்கலைக்கழகம் தனக்கென ஒரு தெரிவுப் பரீட்சை நடத்திச் சட்டமாணிக் கற்கைக்கு ஆட்களைச் சேர்க்கிறது. அதன் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையம் கொக்குவிலில் இருப்பதால், வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் அரச உத்தியோகத்தர்களுக்கும் இது நல்ல வாய்ப்பு. ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் கட்டணம் பெற்றுக்கொண்டு சிவில் மாணவர்களையும் சட்டத்துக்குச் சேர்க்கிறது. கொழும்பிலுள்ள தனியார் நிறுவனங்கள் பல, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் சட்டப் பட்டங்களை வழங்குகின்றன. இந்தக் கடைசி வகையைப் பற்றி ஒரேயொரு அறிவுரை: பணம் கட்டுவதற்கு முன்னால், குறித்த பட்டத்தை வைத்துக்கொண்டு எந்த நிபந்தனையில் சட்டக் கல்லூரிக்குள் நுழையலாம் என்று சட்டக் கல்லூரியிடமே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். விளம்பரத் துண்டை நம்பிக் காணியை ஈடுவைத்த குடும்பம் ஒன்றின் கவலையை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன்.

உயர்தரப் பாடங்களும் இசட் புள்ளியும்

சட்டத்துக்கு எந்தத் துறையில் உயர்தரம் எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். கலை மாணவர்தான் சட்டம் படிப்பார் என்பது நம்மூரில் ஊறிப்போன எண்ணம். விஞ்ஞானம், கணிதம், வர்த்தகம் ஆகிய துறைகளிலிருந்து வந்து நன்றாகப் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் குறைந்தது எஸ் தரச் சித்தியும், உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகளும் இருந்தால்தான் பல்கலைக்கழக அனுமதிக்கே விண்ணப்பிக்க முடியும். பொதுச் சாதாரணப் பரீட்சையை விளையாட்டாக எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டு மீண்டும் எழுதியவர்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சாதாரணதரத்து ஆங்கிலப் பெறுபேறு பற்றிய நிபந்தனையை, நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலில் சட்டத்துக்குரிய பகுதியில் முதலிலேயே படித்துவிடுங்கள்.

கலைத்துறையில் இருப்பவர்களுக்கு எந்தப் பாடங்கள் உதவும் என்று கேட்டால், அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடத்தை முதலில் சொல்வேன். வாதம் ஒன்றின் எடுகூற்றுகளைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் சட்டப் படிப்பின் முதுகெலும்பு. அரசியல் விஞ்ஞானம் படித்தவருக்கு 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஏற்கெனவே பழக்கப்பட்டதாக இருக்கும். ஆங்கிலத்தையே ஒரு பாடமாக எடுக்கத் துணிவு இருந்தால் எடுக்கலாம். ஆனால் இவற்றை எல்லாம்விட, உங்களுக்கு எந்தப் பாடத்தில் உயர்ந்த இசட் புள்ளி வரும் என்பதே அனுமதியைத் தீர்மானிக்கிறது.

இசட் புள்ளி என்றதும் பலர் அதை மாயக்கணக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது மிக எளிதானது. நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் தொகையை அப்பாடத்தின் நியமவிலகலால், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைக் காட்டும் எண்ணால், வகுத்தால் கிடைப்பது அந்தப் பாடத்துக்குரிய இசட் புள்ளி. மூன்று பாடங்களினதும் சராசரியே உங்களுடைய இறுதி இசட் புள்ளி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாடத்தின் சராசரி 40, நியமவிலகல் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 72 எடுத்தவருக்கு இசட் புள்ளி 2.0. வேறொரு பாடத்தின் சராசரி 60, நியமவிலகல் 10; அதில் 75 எடுத்தவருக்குக் கிடைப்பது 1.5 மட்டுமே. அதிகப் புள்ளி பெற்றவர் பின்னால் நிற்கிறார். எல்லோரும் அள்ளிக் குவிக்கும் பாடம் என்று ரியூசன் வாசலில் சொல்லப்படுவதை நம்பி ஒரு பாடத்தைத் தெரிவுசெய்வது ஏன் ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும்.

இடங்கள் எப்படிப் பகிரப்படுகின்றன என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் போன்ற கற்கைநெறிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் மக்கள்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாக வகைப்படுத்தப்பட்ட மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இதனால்தான் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான மிகக் குறைந்த இசட் புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது. கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் தளரவும் வேண்டாம். முல்லைத்தீவு மாவட்டத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மகிழவும் வேண்டாம். கடந்த நான்கைந்து ஆண்டுகளின் யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி மேசையின் முன்னால் ஒட்டிவைத்தால், இலக்கு கண்முன்னே இருக்கும். பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையை மூன்று தடவைகள் மட்டுமே கணக்கில் எடுப்பார்கள் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

ஆங்கிலம் என்ற வாசற்படி

யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கேடு தமிழில் எழுதப்படுகிறது. சாட்சி தமிழில் பேசுகிறார், நீதிபதி தமிழில் கட்டளை எழுதுகிறார். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நீதிமன்ற மொழி என்பதை அரசியலமைப்பே உறுதிசெய்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கு மேன்முறையீட்டுக்காகக் கொழும்புக்குப் போகும்போது வாதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. நூறாண்டுக்கு மேற்பட்ட தீர்ப்புத் தொகுதிகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆகவே நம்மூர்ச் சட்டத்தரணிக்கு இரண்டு மொழியும் இரண்டு கண்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வேண்டும் என்று 2020இன் இறுதியில் வர்த்தமானியில் வெளியிடப்பட்ட விதிகளைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் தோற்கடித்தது. அதனால் தமிழில் எழுதும் உரிமை காப்பாற்றப்பட்டது. அதை நான் வரவேற்கிறேன். எனினும், அந்த உரிமையைச் சாக்காக வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைத் தள்ளிப்போடும் மாணவர் தமக்கே கேடு செய்துகொள்கிறார்.

பேச்சு ஆங்கில வகுப்புகள் இதற்குப் போதாது. தேவைப்படுவது நீண்ட சட்ட வாக்கியத்தைப் பிரித்துப் படிக்கும் திறன். அதற்கு நான் பரிந்துரைக்கும் பயிற்சி, நமக்கு வீட்டிலேயே பழக்கமான சட்டத்தை ஆங்கிலத்தில் படிப்பது. யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து, உரித்து பற்றிய வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியால் தொகுக்கப்பட்டு, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயரால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த ஒழுங்குவிதி இதனை யாழ்ப்பாண மாகாணத்து மலபார்க் குடிகளின் வழக்கம் என்று குறிப்பிடுகிறது. இந்தச் சில சொற்களை எடுத்துக்கொண்டு, முன்னால் ஒரு கொப்பியை வைத்து, கேள்விகளை எழுதிப் பாருங்கள். குடி என்பவர் யார்? யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர் இன்னும் குடிதானா? திருகோணமலைத் தமிழருக்கு இது பொருந்துமா? 1913இல் தீர்க்கப்பட்ட ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் என்ற வழக்கில் நீதிமன்றம் எதிர்கொண்டது இத்தகைய கேள்வியைத்தான். ஒரு சொல்லின் பொருளில் ஒரு குடும்பத்தின் சொத்து முழுவதும் தொங்கி நிற்கிறது என்பதை நேரில் உணர்ந்த பிள்ளைக்கு, பிறகு எந்த ஆங்கிலத் தீர்ப்பும் வெறும் கடினமான பாடமாகத் தோன்றாது.

அடுத்தபடியாக, 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் உரித்துரிமைக் கட்டளைச் சட்டத்தை எடுக்கலாம். முதுசம் (முன்னோர்வழிச் சொத்து), தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று அம்மம்மா சொல்லும் சொற்கள் ஆங்கில எழுத்தில் அப்படியே அங்கே இருக்கக் காண்பீர்கள். திருமணமான பெண் தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்ற பிரிவும் அதில்தான் இருக்கிறது. அந்தப் பிரிவை ஆதரித்தும் எதிர்த்தும் ஒவ்வொரு பக்கம் எழுதிப் பாருங்கள், பல்கலைக்கழகம் உங்களிடம் எதிர்பார்க்கும் எழுத்து எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு பக்கம் போதும். உயர்தரப் பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையிலுள்ள மாதங்களில் இதைச் செய்தவர்கள் முதலாம் ஆண்டில் தடுமாறி நான் கண்டதில்லை.

விண்ணப்பம்

பெறுபேறுகள் வெளிவந்து சில வாரங்களில் மானியங்கள் ஆணைக்குழு கைநூலை வெளியிட்டு விண்ணப்பங்களைக் கோரும். கைநூலின் தமிழ்ப் பதிப்பு கடைகளிலும் கிடைக்கும், இணையத்திலும் இருக்கும். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, கையொப்பங்களும் அத்தாட்சிகளும் பெற்று, முடிவுத் திகதிக்கு முன்னர் பதிவுத் தபாலில் அனுப்புவதே வழமை. தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். கடைசி இரண்டு நாட்களில் இணையத்தளம் ஆமை வேகத்தில் நகரும் என்பதையும், நெற் கபேக்காரர் உங்களுக்காக நிரப்பித் தரும் படிவத்தில் பிழை இருந்தால் அதற்குப் பொறுப்பு நீங்கள்தான் என்பதையும் மறக்க வேண்டாம். கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் முகவரியையும் கடைக்காரருடையதாகக் கொடுத்துவிட்டுப் பிறகு அவரைத் தேடித் திரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் படிவத்தில் மிகவும் கவனமாக எழுத வேண்டிய பகுதி விருப்பவரிசை. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. கணினி உங்களுடைய முதல் விருப்பத்தில் தொடங்கிக் கீழே இறங்கி வருகிறது. உங்களுடைய இசட் புள்ளி எந்த விருப்பத்தின் வெட்டுப்புள்ளியை முதலில் எட்டுகிறதோ அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. மேலே நான் சொன்ன தகப்பனாரின் மகள் தயாரித்துக் கொண்டுவந்த தாளில் கொழும்புச் சட்டம், பேராதனைச் சட்டம், பேராதனைக் கலை, யாழ்ப்பாணச் சட்டம், யாழ்ப்பாணக் கலை என்று ஐந்து வரிகள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. பேராதனையில் படித்த மாமா ஒருவர் அந்த இடத்தின் அழகைச் சொன்னதால் மூன்றாவது வரி அங்கே வந்திருந்தது. பேராதனைக் கலைக்கு அவளுடைய புள்ளி தாராளமாகப் போதும். ஆகவே அந்தத் தாள் அப்படியே போயிருந்தால், யாழ்ப்பாணச் சட்டத்துக்குத் தகுதி இருந்தும் கணினி மூன்றாம் வரியைத் தாண்டி வந்திருக்காது. மூன்றையும் நான்கையும் இடம் மாற்றி எழுதியபோது அழிறப்பரால் தாள் கிழிந்துவிட்டது. புதுத்தாளில் முதலிலிருந்து எழுதினோம். அவள் இப்போது திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், சட்டம் படிக்கிறாள்.

விதி எளிது: சட்டம்தான் வேண்டும் என்றால் சட்டக் குறியீடுகள் மூன்றும் முதல் மூன்று வரிகளில் இருக்க வேண்டும். அவற்றுக்குள் எது முதலில் என்பது உங்களுடைய மொழி விருப்பத்தையும் வீட்டு நிலைமையையும் பொறுத்தது. தமிழில் எழுதும் வாய்ப்பு வேண்டும் என்பவருக்குக் கொழும்பு. விடுதிச் செலவு தாங்காது என்பவருக்கு யாழ்ப்பாணம். கொழும்பில் படித்தால்தான் மதிப்பு என்ற பேச்சை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அதே நகரில் இருப்பது சட்ட மாணவருக்குச் சிறிய வசதி அல்ல என்பதையும் மறைக்க மாட்டேன்.

ஆவணங்கள் விடயத்தில் நமது பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துப் பிறகு காலங்கடந்து பதிவெடுத்த பெற்றோர், தமிழில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட தந்தையின் பெயர், அடையாள அட்டையில் விடுபட்ட ஓர் எழுத்து. என்னுடைய காலத்தில் என் தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் சிவகுமார் என்றும் இன்னோர் ஆவணத்தில் சிவகுமாரன் என்றும் இருந்ததால், அந்த இரண்டும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்க அலுவலகம் ஒன்றின் விறாந்தையில் மூன்று நாட்கள் நின்றேன். மூன்றாம் நாள், கருமபீடத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, சட்டம் படிக்கப் போகிறவர் பெயரைச் சரியாக எழுத வேண்டாமா என்று கேட்டார். பெறுபேறு வரும்வரை காத்திராமல், பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரணதரச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகிய நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, பெயரும் பிறந்த திகதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எந்த மாவட்டத்தவராகக் கணிக்கப்படுவீர்கள் என்பதற்குப் படித்த பாடசாலைகளின் விபரமும் வதிவிடச் சான்றும் தேவைப்படும் என்பதால், பாடசாலை மாறியவர்கள் கைநூலின் அந்தப் பந்தியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

தெரிவுக்குப் பிறகு

வெட்டுப்புள்ளி வெளியானதும், தெரிவானவர்கள் குறித்த நாட்களுக்குள் பதிவை உறுதிப்படுத்த வேண்டும். பதிவு செய்யாதோரின் இடங்கள் பின்னர் வெற்றிடமாகக் கருதப்பட்டு அடுத்தவருக்குப் போகும். ஒரு கற்கைநெறிக்குப் பதிவுசெய்துவிட்டு, அடுத்த ஆண்டு கூடுதல் புள்ளியுடன் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று எண்ணுபவர்கள் பலர். பதிவுசெய்தவருக்கு அந்த வாசல் பொதுவாக மூடப்பட்டுவிடும். ஆகவே இரண்டாம் தடவை எழுதும் எண்ணம் இருந்தால், கையொப்பம் இடுவதற்கு முன்னரே முடிவெடுங்கள்.

அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசிலுக்கும் நிதியுதவிக்கும் வீட்டு வருமான விபரம் கேட்கப்படும். கிராம அலுவலரின் அத்தாட்சியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கொழும்புக்குப் போகிறவர்கள் விடுதி கிடைக்கும்வரை வெள்ளவத்தைப் பக்கம் அறை தேடுவார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் சமாளிக்கலாம். பகிடிவதை பற்றிப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது குற்றம் என்பதைச் சட்ட மாணவர் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

இடம் கிடைக்காவிட்டால்

ஓரிரு தசமத்தில் தவறவிட்டவர்கள் உலகமே முடிந்ததுபோல் இருந்துவிடுகிறார்கள். திறந்த பல்கலைக்கழகத்தின் தெரிவுப் பரீட்சைக்கும் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்கும் அதே ஆண்டில் விண்ணப்பிக்கலாம். சட்டக் கல்லூரிப் பரீட்சையைப் பரீட்சைத் திணைக்களம் நடத்துகிறது. மொழித் தேர்ச்சிக்கு ஒரு வினாத்தாளும், பொது அறிவுக்கும் நுண்ணறிவுக்கும் ஒரு வினாத்தாளும் இருக்கும். தமிழில் எழுதலாம். தமிழ்தானே என்று மொழித்தாளை அலட்சியம் செய்வதுதான் நம்மவர் செய்யும் பெரிய தவறு. சுருக்கம் எழுதுதல், வாக்கியப் பிழை திருத்தல், கட்டுரை ஆகியவற்றைக் கடிகாரம் வைத்துப் பழகுங்கள். நாளாந்தப் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுவது அதற்கு நல்ல பயிற்சி.

திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்கிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்: அங்கே உங்களை எழுப்பிப் படிக்கவைக்க யாரும் வரமாட்டார்கள். ஒப்படைகளைத் திகதிக்குக் கொடுக்காமல் ஆண்டுகளை இழந்தவர்கள் நிறையப் பேர். வேலைக்குப் போய்க்கொண்டு, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்துப் பட்டம் பெற்று இன்று நம் மன்றுகளில் மதிப்போடு நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

விரிவுரை தொடங்குமுன்

பதிவுக்கும் முதல் விரிவுரைக்கும் இடையில் பெரும்பாலும் நீண்ட இடைவெளி கிடைக்கும். அந்த நாட்களில் ஒரு முற்பகலை நீதிமன்றத்தில் கழியுங்கள். அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பொதுவாகப் பகிரங்கமானவை. யாரும் போய் இருந்து கேட்கலாம். யாழ்ப்பாண நகரிலும் மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களிலும் நீதிமன்றங்கள் இருக்கின்றன. நீதவான் நீதிமன்றத்தைவிட மாவட்ட நீதிமன்றத்துக் காணி வழக்கொன்றைத் தெரிவுசெய்வது நல்லது. அங்கே வேகம் குறைவு, ஒவ்வொரு கேள்வியையும் பின்தொடரலாம். பங்குக்காணி ஒன்றை ஒருவர் வெளியாருக்கு விற்றுவிட்டார், மற்றப் பங்காளிக்கு அறிவிக்கவில்லை என்ற முறைப்பாடு வந்தால், பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமையைத் தரும் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்வாங்குரிமைக் கட்டளைச் சட்டம் உங்கள் கண்முன்னே இயங்குவதைக் காண்பீர்கள். உறுதி எழுதிய நொத்தாரிசைக் கூண்டில் ஏற்றிச் சாட்சிகள் இருவரும் ஒரே வேளையில் அங்கே இருந்தார்களா என்று ஏன் அத்தனை தடவை கேட்கிறார்கள் என்று வியப்பாக இருக்கும். காணி கைமாற்றம் நொத்தாரிசின் முன்னும் சாட்சிகள் இருவர் முன்னும் நிகழ வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு சொல்வதை அன்று இரவே எடுத்துப் படித்தால், அந்தப் பிரிவு பிறகு ஒருபோதும் மறக்காது.

போகும்போது அடக்கமான உடையில், ஒன்பது மணிக்கு முன்னதாகப் போங்கள். வாசலில் பொலிஸாரிடம் வழக்குப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும். கைத்தொலைபேசியை வீட்டில் வைத்துவிடுங்கள், அல்லது முழுதாக அணைத்துவிடுங்கள். பின்வரிசையில், சுவரோரம் இருக்கும் வாங்கில் இடம் பிடித்தால் சாட்சிக் கூண்டு நன்றாகத் தெரியும்.